சாவாமையும் பிறவாமையும்

எருக்கந்தூண் இரண்டு நிற்கும் திருமுல்லைவாயில் மாசிலாமணியீசர் திருக்கோயிலின் வெளிமண்டபத்தில் ஒரு மாலை யாம் அமர்ந்திருந்தகாலை, எம்மிடத்துச் சிவஞானபோதம் பாடங்கேட்டு வரும் மாணவன் ஒருவன் ஒரு வினாவை எழுப்பினன். சின்னாட்களின் முன்னர்த் தன் பாட்டியை இழந்தவன் அவன். "ஐயா, யான் கணினியில் ஆடும் விளையாட்டில் இறந்தும் இறவாதார் பலர் வருகின்றனர். அவர்க்கு உயிர் உண்டோ? அங்ஙனம் என் பாட்டியையும் நிறுத்திவைத்தல் கூடுமாயின் நன்றன்றோ?" என்றான். சிறுவர் விளையாட்டென்று அன்பர்கள் இதனைத் தள்ளற்க. வினா உயிரின் இலக்கணம் பற்றியதேயாம்.

அமெரிக்க நாட்டில் 1974-ஆம் ஆண்டு வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் ஆட்டமும், அதன் வழித் தோன்றிய கணினியாட்டங்களும் இறவாதாரைப் பல வடிவிற் காட்டும். அவற்றை மூவகையுள் அடக்கலாம். மந்திரவாதி ஏவ எழுந்து நடக்கும் பிணமும் எலும்புக்கூடும் முதல் வகை. உடம்பின்றி அலையும் ஆவி இரண்டாவது. தன் உயிரைப் பேழை போல்வதொன்றில் மறைத்து வைத்து, அஃது அழியுங்காறும் தான் அழியாதிருக்கும் 'லிச்' என்னும் மந்திரவாதி மூன்றாவது. இம்மூன்றாவது நமக்குப் புதிதன்று. ஏழு கடலுக்கப்பால் கிளியினுள்ளே உயிரை ஒளித்த அரக்கன் கதையைப் பாட்டியர் சொல்லக் கேளாதார் யாவர்?

முதல் வகையை நோக்குவாம். நடத்தலின் உயிருண்டு எனின், அற்றன்று. தோற்பாவை ஆடுவது தன் உயிரால் அன்று, ஆட்டுவான் கையால். உறங்குவானிடத்து மூச்சு இயங்கிக்கொண்டிருப்பவும் நுகர்ச்சியும் தொழிலும் நிகழாமை காட்டி, மூச்சும் உயிரன்று என மெய்கண்டதேவர் மூன்றாஞ் சூத்திரத்தில் நிறுவினார். மூச்சே உயிரன்றாயின் வெறுநடை உயிராதல் யாங்ஙனம்?

இனி, ஆவிக்கு உயிருண்டோ எனின், உண்டு. பருவுடம்பு வீழ்ந்த பின்னும் புரியட்டகமாகிய நுண்ணுடம்பு உயிரை விடாது தொடரும். வினைக்கீடாக வேறுடம்பும் வந்து பொருந்தும். ஆகலின் இறந்தும் இறவாமை என்பதோர் தனிநிலை இல்லை. உயிர் என்றும் இறந்ததன்று. உடம்பு தானாக என்றும் வாழ்ந்ததுமன்று. அவ்விரண்டன் கூட்டத்தைப் பிறப்பென்றும் பிரிவை இறப்பென்றும் வழங்குகின்றோம்.

மூன்றாவதே பெரிதும் ஆராயத்தக்கது. உயிர் அருவப்பொருளாகலின் பேழையுள் அடங்காது. பிராரத்தம் முடிந்தவழி உடம்பொடு நில்லாது. ஆயினும் அக்கதை நம் நிலையையே காட்டுகின்றது. யான் எனது என்னும் பற்றே அப்பேழை. சாவுக்கு அஞ்சி உயிரை அதனுட் பூட்டினவன் சாவை வென்றானல்லன். தன் சிறையை நீட்டித்துக்கொண்டான். பாசத்தாற் பெறும் சாவாமையும் பாசமேயாம்.

எலும்புருவம் அனைத்தும் அச்சத்திற்கே உரியதோ எனின், அன்று. நம்மூர் வழியே அரக்கோணம் நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில் திருவாலங்காடு உளது. கணவன் பொருட்டுத் தாங்கிய தசைப்பொதியை உதறிப் பேயுருவை இரந்து பெற்ற காரைக்காலம்மையார், ஆண்டு ஆடுவான் திருவடிக்கீழ் இருந்து பாடினார் எனக் குன்றத்தூர்ச் சேக்கிழார் பெருமான் அருளினார். அம்மையார் இறைவன்பாற் சாவாமை வேண்டினாரல்லர். இறவாத அன்பு வேண்டினார், பிறவாமை வேண்டினார். பிறப்பு உளதாயின் அவனை மறவாமையும் வேண்டினார். லிச் உடம்பை விடாது எலும்பாயினான். அம்மையார் உடம்பை விடுத்து எலும்புருவாயினார். உருவம் ஒன்று போலினும், ஒருவற்கு அது பற்றின் எச்சம். மற்றவர்க்கு அன்பின் வடிவம்.

இவற்றைக் கூறி, மாணவனை நோக்கி, "தம்பி, பாட்டியை நிறுத்திவைக்க எண்ணியது உன் அன்பே, அதனைக் குறைகூறோம். ஆயின் நோயில் நைந்த அவ்வுடம்பொடு அவர் இன்னும் நிற்றல் வேண்டுமென்பாயோ, அவர்க்குப் பிறவி குறைதல் வேண்டுமென்பாயோ? முன்னது உன் பொருட்டு, பின்னது அவர் பொருட்டு" என்றேம்.

அவன் நெடும்பொழுது வாளாவிருந்தான். பின்னர் எழுந்து, பாட்டியின் பெயரால் ஒரு நெய்விளக்கேற்றித் திருவைந்தெழுத்தை ஓதலாயினான். யாமும் உடன் ஓதினேம்.

திருச்சிற்றம்பலம்.