நமீபியா பாலைவன டிரிப்: லாட்ஜ் வாடகையை மட்டும் பார்த்து புக் பண்ணாதீங்க



என்கிட்ட வருமான வரி ஃபைல் பண்ற ஒரு இளம் தம்பதி, ரெண்டு பேருமே ஐடி வேலை, நமீபியா போறதுக்காக ரெண்டு கொட்டேஷனோட வந்தாங்க. கூடவே போன்ல ஒரு மெசேஜையும் காட்டினாங்க: பேங்க் ஆப்ல 5 லட்ச ரூபாய் ப்ரீ-அப்ரூவ்டு பர்சனல் லோன். "ரெண்டுல எந்த லாட்ஜ் சீப் சார்? அதை ஃபிக்ஸ் பண்ணிட்டு லோனை எடுத்துடலாமா?"

ரெண்டு கேள்விக்குமே பதில் சொல்றேன். முதல்ல லாட்ஜ்.

நம்ம ஊர்ல லாட்ஜ்னா பஸ் ஸ்டாண்டு எதிர்ல இருக்கும், ராத்திரி தலையைச் சாய்க்க ஒரு கட்டில், அவ்வளவுதான். நமீபியாவில் லாட்ஜ் என்பது வேற சமாச்சாரம். பக்கத்து ஊர் 80, 100 கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம். சாப்பாடு, தண்ணீர், வழிகாட்டி, வண்டி எல்லாமே அந்த லாட்ஜ்தான். அதனால ரூம் வாடகை என்பது மொத்தச் செலவில் ஒரு வரி மட்டுமே.

சோசுஸ்ஃப்ளே போற உதாரணத்தையே எடுத்துக்குவோம். நமீப்-நௌக்லுஃப்ட் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிற செம்மணல் குன்றுகள் அவை. அந்த மணல் கடல் 2013இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. வெள்ளைக் களிமண் தரையில் பல நூறு வருஷத்துக்கு முன்னாடி செத்த மரங்கள் இன்னும் நிற்குமே, அந்த டெட்ஃப்ளேயும் இங்கேதான். நுழைவாயில் செஸ்ரியம். அங்கிருந்து சோசுஸ்ஃப்ளே பக்கம் சுமார் 60 கிலோமீட்டர் தார் ரோடு, கடைசி 5 கிலோமீட்டர் வெறும் மணல்.

செஸ்ரியத்தில் ரெண்டு கேட் இருக்கு. வெளி கேட் சூரிய உதயத்துக்குத்தான் திறக்கும். பூங்காவுக்குள்ளேயே தங்குபவர்களுக்கான உள் கேட் அதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே திறந்துடும். சாயங்காலமும் அப்படியே, உள்ளே தங்குபவர்கள் ஒரு மணி நேரம் தாமதமாகத் திரும்பலாம். வெளியே தங்கினா, கேட் திறந்து, 60 கிலோமீட்டர் ஓட்டி, மணலைத் தாண்டிப் போய்ச் சேரும்போது வெயில் ஏறியிருக்கும். குன்றோட ஒரு பக்கம் நிழல், ஒரு பக்கம் நெருப்புச் சிவப்புன்னு படத்தில் பார்த்தீங்களே, அந்தக் காட்சி பாதி கரைஞ்சிருக்கும். நாலு விமானம் மாறி, ரெண்டு வருஷச் சேமிப்பைக் கொட்டி நீங்க வாங்கறது அந்த ஒரு மணி நேரத்தைத்தான். அது எந்த ரேட் கார்டிலும் தனி வரியா இருக்காது.

இப்போ கணக்கு. கீழே இருப்பது மார்க்கெட் விலை இல்லை, முறை புரியறதுக்காக நான் போட்ட எண்கள். ரெண்டு பேர், ரெண்டு ராத்திரி.

'அ' லாட்ஜ், கேட்டிலிருந்து தூரம், காலை உணவு மட்டும்: வாடகை ராத்திரிக்கு 11,000 வீதம் 22,000. இரவு உணவு 9,000. மணல் குன்றுக்கு வழிகாட்டியோட போய்வர ஆளுக்கு 9,000 வீதம் 18,000. கூடுதல் பெட்ரோல் 2,000. மொத்தம் 51,000 ரூபாய்.

'ஆ' லாட்ஜ், கேட்டுக்கு உள்ளே, இரவு உணவு, காலை உணவு, குன்றுப் பயணம் எல்லாம் சேர்த்து ராத்திரிக்கு 26,000. மொத்தம் 52,000 ரூபாய்.

ராத்திரிக்கு 15,000 வித்தியாசம் மாதிரி தெரிஞ்சது, கடைசியில் மொத்தமாவே 1,000 ரூபாய்தான். ஆனா எல்லா கொட்டேஷனும் இப்படிச் சாதகமா முடியாது. சில சொகுசு லாட்ஜ்களில் நீங்க வாங்குவது நீச்சல் குளமும் ஒயினும்தான், கேட் நேரம் கிடையாது. அதனால ஒவ்வொரு கொட்டேஷனையும் இப்படி ஒரே அளவுக்குக் கொண்டு வந்துட்டு அப்புறம் ஒப்பிடுங்க. பூங்கா நுழைவுக் கட்டணம் ஆளுக்கும் வண்டிக்கும் தனித்தனியா, 24 மணி நேர அடிப்படையில் வரும். அது எதில் சேர்ந்திருக்கு என்றும் கேளுங்க.

பட்ஜெட் இடிக்குதா? செஸ்ரியத்திலேயே பூங்காவுக்குள் கேம்ப் போடும் இடம் இருக்கு, நமீபியா அரசு நிறுவனம் நடத்துறது. கூரை மேல கூடாரம் கட்டின வண்டிகள் அங்கே சகஜமா வாடகைக்குக் கிடைக்கும். அதே உள் கேட், அதே ஒரு மணி நேரம், லாட்ஜ் விலையில் சின்னப் பங்கு. ஜூன், ஜூலையில் போனா ராத்திரிக் குளிர் எலும்பைத் தொடும், அதுக்குத் தயாரா போங்க.

எட்டோஷா தேசியப் பூங்காவில் கணக்கு வேற. அது 22,000 சதுர கிலோமீட்டருக்கு மேல. அங்கே உள்ளே தங்கினாலும் உதயத்துக்கு முன்னாடி வண்டியை வெளியே எடுக்க முடியாது. ஆனா ஒகாகுவேயோ முகாமில் ராத்திரி விளக்கு போட்ட நீர்நிலை ஒண்ணு இருக்கு. கறுப்பு காண்டாமிருகம் தண்ணி குடிக்க வரும், நீங்க ஸ்வெட்டரோட பெஞ்சில் உட்கார்ந்து ஓசியில் பார்க்கலாம். வெளியே தங்கினா அஸ்தமனத்தோட கிளம்பியாகணும்.

சீசனையும் இதோட சேர்த்து யோசிங்க. ஜூன் முதல் அக்டோபர் வரை வறண்ட காலம். மிருகங்கள் நீர்நிலைக்குக் கூடுவதால் எட்டோஷாவுக்கு அதுதான் நேரம், வாடகை உச்சத்தில் இருப்பதும் அப்போதான். மணல் குன்றுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. குன்று எங்கேயும் ஓடிடாது! குன்றுதான் முக்கியம்னா ஏப்ரல், மே யோசிக்கலாம்.

வண்டி விஷயத்தில் நிறையப் பேர் பணத்தை விடறாங்க. கடைசி 5 கிலோமீட்டர் மணலுக்காக பத்து நாளைக்கும் ஃபோர் வீல் டிரைவ் எடுப்பாங்க. சாதா வண்டிகளுக்கான பார்க்கிங்கிலிருந்து ஷட்டில் வண்டி இருக்கு, அதில் போயிடலாம். அங்கேயும் நம்ம ஊர் மாதிரி இடது பக்கம்தான் ஓட்டணும், ஆனா விண்ட்ஹூக்கிலிருந்து செஸ்ரியம் வரை பெரும்பாலும் சரளைக் கல் ரோடு, 5 மணி நேரத்துக்குக் குறையாது. இன்சூரன்ஸ் பேப்பரில் டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் மூணும் கவர் ஆகுதான்னு பாருங்க. சரளையில் அடி வாங்குவது அந்த மூணும்தான், பல பாலிசியில் விட்டுப்போவதும் அதுதான். டெபாசிட்டுக்கு கிரெடிட் கார்டில் பெரிய தொகையை ஹோல்டு பண்ணுவாங்க. லிமிட் 1.5 லட்சம்தான்னா மிச்ச டிரிப்புக்கு கார்டு கையில் இருந்தும் இல்லாத மாதிரி.

நமீபிய டாலரும் தென்னாப்பிரிக்க ராண்டும் ஒண்ணுக்கு ஒண்ணு, அங்கே ராண்டும் செல்லும். நமீபிய டாலர் வெளியே செல்லாது, அதனால கடைசி நாட்களில் சில்லறையை ராண்டாவே கேட்டு வாங்குங்க. ராண்டு ஏத்தின ஃபாரெக்ஸ் கார்டில் நமீபிய டாலர் பில் விழுந்தா கிராஸ் கரன்சி கட்டணம் போடுவாங்களான்னு கிளம்பறதுக்கு முன்னாடி பேங்க்ல கேளுங்க. சாதா கிரெடிட் கார்டில் 3.5% மார்க்கப்னா, அதுக்கு 18% ஜிஎஸ்டி சேர்த்து 4.13%. ஒரு லட்சத்துக்கு 4,130 ரூபாய்.

வரி

2025-26 நிதியாண்டு விதிப்படி சொல்றேன், நீங்க பணம் கட்டும் வருஷத்து விதியை ஒருமுறை பார்த்துக்குங்க. 2025-26இல் ஏஜென்ட்கிட்ட வெளிநாட்டு டூர் பேக்கேஜ் வாங்கினா 10 லட்சம் வரை 5% டிசிஎஸ் இருந்தது. அப்போ 5 லட்ச பேக்கேஜுக்கு 25,000 ரூபாய் கூடுதலா கையிலிருந்து போச்சு. விமான டிக்கெட்டை மட்டும் தனியா, தங்குமிடத்தை மட்டும் தனியா நீங்களே புக் பண்ணினா அது பேக்கேஜ் ஆகாது. வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்துக்கு வருஷத்தில் 10 லட்சம் வரை டிசிஎஸ் இல்லை. கட்டின டிசிஎஸ் வீண் செலவு கிடையாது, உங்க வரியில் கழியும். ரீஃபண்டுக்குக் காத்திருக்கவும் வேண்டாம். டிசிஎஸ் விவரத்தை ஆபீஸ்ல கொடுத்தா மாசச் சம்பளத்தில் பிடிக்கிற டிடிஎஸ்ஸிலேயே குறைச்சுக்குவாங்க.

எல்டிஏ இதுக்குக் கிடைக்காது, அது இந்தியாவுக்குள் போறதுக்கு மட்டும். இன்னொண்ணு: வெளிநாட்டுப் பயணத்துக்கு வருஷத்தில் 2 லட்சத்துக்கு மேல செலவு பண்ணினா, வரி பூஜ்யமா இருந்தாலும் ரிட்டர்ன் ஃபைல் பண்ணியே ஆகணும்.

அந்த லோன்

5 லட்சம், 14% வட்டி, 3 வருஷம்னா இஎம்ஐ சுமார் 17,090. வட்டி மட்டும் 1.15 லட்சம். இதே தம்பதி ஆளுக்கு 10,000 ரூபாய் ஆர்டி போட்டா, 6.5% வட்டியில் 24 மாசத்தில் 5 லட்சத்தைத் தாண்டிடும். ரெண்டு வருஷ இலக்குக்கு ஈக்விட்டி எஸ்ஐபி வேண்டாம், கிளம்பற மாசம் மார்க்கெட் விழுந்தா குன்று தள்ளிப்போகும். எமர்ஜென்சி ஃபண்டையும் தொட வேண்டாம்.

ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. லோனை வேண்டாம்னு விட்டுட்டாங்க. 2027 மே மாசத்துக்குத் தள்ளி வச்சிருக்காங்க, 'அ'வும் இல்லை 'ஆ'வும் இல்லை, செஸ்ரியத்துக்குள்ளே கூடாரம். எட்டோஷாவில் மட்டும் ரெண்டு ராத்திரி ரூம். ரெண்டு கொட்டேஷனையும் ஒரே அளவுக்குக் கொண்டு வர்ற எக்செல் ஷீட் இந்த வார வீடியோவுக்குக் கீழே இருக்கு. உங்க எண்களைப் போட்டுப் பாருங்க.