பேட்டரி எங்கே இருக்கிறது?

உறையூர்

அன்புள்ள தம்பிக்கு,

கார்க் கண்ணாடியில் ஒட்டும் ஃபாஸ்டேக் வில்லையில் பேட்டரி எத்தனை வருஷம் உழைக்கும் என்று கேட்டிருக்கிறாய். உன் மாமா கேட்டிருந்தால் விட்டிருப்பேன். மின்னணுவியல் படிக்கிற நீ கேட்கலாமா? அதில் பேட்டரியே கிடையாது.

சமயபுரம் சுங்கச்சாவடியில் தலைக்கு மேலே ஓர் ஆன்டெனா இருக்கிறதே, 865–867 மெகாஹெர்ட்ஸில் அது அனுப்பும் அலைதான் வில்லைக்குள் இருக்கும் சில்லுக்குச் சாப்பாடு. நம் நாட்டில் அதற்கு உச்சவரம்பு 4 வாட். கணக்குப் போட்டுப் பார்: 5 மீட்டர் தள்ளி வில்லைக்குக் கிடைப்பது சுமார் 120 மைக்ரோவாட், 10 மீட்டரில் 30. உலோகப் பூச்சுள்ள கண்ணாடியாக இருந்தால் அதுவும் வராது.

ஆற்றல் குறைவு என்பதைவிட மின்னழுத்தம் குறைவு என்பதுதான் பெரிய தலைவலி. வில்லையின் ஆன்டெனாவில் எழும் அழுத்தம் ஒரு வோல்ட்டைக்கூட எட்டாது. டையோடு திறக்கவே அதில் பாதி போய்விடும். 1976-ல் டிக்சன் காட்டியபடி டையோடுகளையும் மின்தேக்கிகளையும் அடுக்கி அழுத்தத்தை ஏற்றலாம். உடனே பத்து அடுக்கு வைக்கலாமே என்பாய். கூடாது. ஒவ்வொரு அடுக்கும் தன் பங்கைத் தின்னும். ஆன்டெனாவுக்கும் சுமை கூடும். ஆகவே கிடைத்த அழுத்தத்திலேயே தர்க்கச் சுற்றை ஓட்டப் பழகு. அழுத்தத்தைப் பாதியாக்கினால் செலவு கால்வாசி. கடிகாரத் துடிப்பையும் மெதுவாக்கு. இங்கே வேகம் கேட்கிறவன் வடிவமைப்பாளனே அல்ல.

பதிலையும் சில்லு ஒலிபரப்புவதில்லை. ஒரு டிரான்சிஸ்டரைத் திறந்து மூடி, வந்த அலையைக் கூட்டியும் குறைத்தும் திருப்பி விடுகிறது. ஸ்டாக்மன் 1948-லேயே எழுதிய விஷயம் இது.

என்னைக் கேட்டால் இதன் மூதாதை இன்னும் பழையது: கலீனா ரேடியோ. திருச்சி வானொலி 1939 மே 16-ல் தொடங்கியது. அந்தக் காலத்து ரேடியோக்களில் பேட்டரியும் மின் இணைப்பும் இல்லாத வகை ஒன்று உண்டு: ஒரு கம்பிச் சுருள், ஒரு கலீனாக் கல், காதில் ஹெட்ஃபோன். நிலையத்தின் அலையே அதை ஓட்டும். அந்தக் கல்லை அலை உணரியாக்கி ஜகதீச சந்திர போஸ் 1904-ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். பாடநூல்கள் இதை ஒரு வரியில் தாண்டிப் போவது எனக்குப் பொறுப்பதில்லை. அந்தக் கல் செய்ததைத்தான் இன்றைய சில்லின் முதல் டையோடும் செய்கிறது. நண்பர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

எத்தனையாவது அடுக்குக்குமேல் அழுத்தம் ஏறாமல் நிற்கிறது என்று வரைந்து அனுப்பு. கணினி போட்ட படம் வேண்டாம், கையால் போடு.

அன்புடன்,
உன் ஆசிரியர்