ஸ்காபரோவில் கடை வைத்திருக்கும் வாசகருக்கு

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் பிளாசாவில் கடைகள் ஒவ்வொன்றாய்ப் பூட்டப்படுவதை எழுதியிருந்தீர்கள். கடை முகப்பைத் திருத்த ரொறொன்ரோ மாநகரசபை காசு தருகிறதாமே, எடுத்தால் சனம் திரும்பி வருமா என்றும் கேட்டிருந்தீர்கள். எடுங்கள், அது உங்கள் வரிப்பணம். ஆனால் பெயர்ப்பலகை மாறியதால் மட்டும் ஒரு வியாபாரப் பகுதி எழும்பியதாக எனக்குத் தெரிந்த உதாரணம் ஒன்றும் இல்லை. எழும்பிய பகுதி ஒன்று இதே நகரத்தில் இருக்கிறது. அதன் கதையைச் சொல்கிறேன்.

ரொறொன்ரோவின் மேற்கே புளோர் வெஸ்ட் வில்லேஜ். 1964இல் யோர்க்டேல் மால் திறந்ததும் வாடிக்கையாளர் காரில் அங்கே போகத் தொடங்கினார்கள். 1968இல் சுரங்க ரயில் அந்தப் பகுதி வரை நீண்டது. ஸ்ட்ரீட்காரில் வந்து கடைக் கண்ணாடியைப் பார்த்தபடி நடந்த சனம் நிலத்துக்கு அடியால் கடந்து போனது. கடைக்காரர்கள் சங்கம் வைத்து, தெருவைத் திருத்தக் காசு சேர்த்துப் பார்த்தார்கள். சிலர் கொடுத்தார்கள், சிலர் கொடுக்கவில்லை. கொடுக்காதவர் கடைக்கும் அதே விளக்கு வெளிச்சம்தானே! அதனால் எல்லோரிடமும் வரியோடு சேர்த்துக் கட்டணம் வாங்கச் சட்டம் வேண்டும் என்று கேட்டார்கள். சட்டம் வந்தது. 1970இல் உலகின் முதலாவது வணிக மேம்பாட்டுப் பகுதி அங்கே உருவானது. இங்கே எல்லோரும் பி.ஐ.ஏ. என்று சொல்வது அதைத்தான். முதல் ஆண்டு அவர்கள் கையில் இருந்தது 47,500 டொலர். அதில் விளக்குப் போட்டார்கள், பூந்தொட்டி வைத்தார்கள், இருக்கை போட்டார்கள். இன்று அந்த முறை பல நாடுகளில் இருக்கிறது.

இதில் நான் பெரிதாக நினைப்பது அந்தத் தொகையை அல்ல. கடைக்காரர்கள் முதலில் தங்களுக்குத் தாங்களே வரி போட்டுக்கொண்டார்கள். மாநகரசபை அதைச் சொத்து வரியோடு அறவிட்டு, அந்தப் பகுதியின் நிர்வாகக் குழுவிடமே திருப்பிக் கொடுக்கிறது. நடைபாதை, விளக்கு, மரம் போன்ற தெரு வேலைகளில் செலவைப் பகிர்ந்தும் கொள்கிறது.

உங்கள் பிளாசாவுக்கு வேறொரு சிக்கல் உண்டு. புளோரில் கடை வாசலே நடைபாதை. உங்களுக்கும் நடைபாதைக்கும் நடுவே கார் நிறுத்துமிடம், அதுவும் தனியார் நிலம். தெருவில் போடும் விளக்கு உங்கள் வாசலுக்கு எட்டாது. அதற்காக ஸ்காபரோவில் முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். லோரன்ஸ் கிழக்கில் வெக்ஸ்ஃபோர்ட் ஹைட்ஸ் பகுதியும் பிளாசாக்கள் நிறைந்ததுதான். அங்குள்ள பி.ஐ.ஏ. கோடையில் தெருவையே மறித்து ‘டேஸ்ட் ஒஃப் லோரன்ஸ்’ என்ற விழா நடத்துகிறது. வேறு ஊர்ச் சனம் சாப்பிட வருகிறது.

இனி காசு விஷயம். முகப்பு மானியம் செலவின் ஒரு பங்குதான், அதற்கும் உச்சவரம்பு உண்டு. முழுச் செலவையும் முதலில் நீங்கள் போட வேண்டும். வேலை முடிந்து, பற்றுச்சீட்டுக் காட்டிய பிறகே காசு வரும். அங்கீகாரம் கிடைக்குமுன் வேலையைத் தொடங்கிவிட்டால் ஒன்றும் கிடைக்காமல் போகலாம். வாடகைக்கு இருப்பவர் விண்ணப்பித்தால் கட்டட உரிமையாளரின் சம்மதம் தேவை. அந்தக் கையெழுத்தைக் கேட்கும் நாளே உங்களுக்குப் பேரம் பேசக் கிடைக்கும் நாள். கண்ணாடியும் முகப்பும் கடைசியில் அவருடைய கட்டடத்தோடு நின்றுவிடும். நீங்கள் அழகாக்கிய இடத்துக்கு அவர் இரண்டு வருடத்தில் வாடகையைக் கூட்டினால் என்ன செய்வீர்கள்? ஆகவே குத்தகையை நீட்டிக்கும் உரிமையை எழுத்தில் வாங்காமல் ஒரு டொலரும் செலவழிக்காதீர்கள்.

பி.ஐ.ஏ. கட்டணமும் அப்படித்தான். பில் உரிமையாளர் பெயருக்கு வரும். ஆனால் பெரும்பாலான குத்தகைகளில் அது ரி.எம்.ஐ. எனப்படும் வரி, பராமரிப்பு, காப்புறுதிச் செலவோடு சேர்ந்து உங்கள் தலையில்தான் விழும். காசு கட்டுகிறவர் நீங்கள் என்றால், முடிவெடுக்கிறவரும் நீங்களாக இருக்க வேண்டாமா? ரொறொன்ரோ மாநகரசபையின் பி.ஐ.ஏ. விதிகள் வாடகைக்காரரையும் உறுப்பினராகவே ஏற்கின்றன. எத்தனை கட்டடம் வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்கு. முழுப் பிளாசாவும் வைத்திருப்பவருக்கும் சின்னப் பலசரக்குக்கடை நடத்துகிறவருக்கும் ஒரே எடை. நம்மவர்கள் இந்த உரிமையைப் பயன்படுத்தாமல் விடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஞாயிறு வரை கடையில் நிற்கிறவருக்கு மாலைக் கூட்டத்துக்குப் போக எங்கே நேரம் என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஒரு கடைக்கு ஒருவராக முறை வைத்துப் போகலாம்.

உங்கள் பகுதியில் பி.ஐ.ஏ. ஏற்கனவே இருக்கிறதா என்று முதலில் மாநகரசபையில் கேளுங்கள். இருந்தால் அடுத்த பொதுக்கூட்டத்துக்குப் போய் வரவு செலவைக் கேட்டு வாக்களியுங்கள். இல்லையென்றால் உங்கள் வரிசையில் இருக்கும் நகைக்கடைக்காரர், சாப்பாட்டுக்கடைக்காரர், பக்கத்து ஆப்கான் பேக்கரிக்காரர் எல்லோரோடும் இந்தக் கிழமையே இருந்து கதையுங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் பத்தியாளர்