இசைத்தட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் முன்...

சேலம், நாமக்கல் பக்கத்துப் பழைய வீடுகளின் பரணில் இன்னும் இசைத்தட்டுகள் கிடைக்கின்றன. டி.ஆர். சுந்தரம் 1935-ல் சேலத்தில் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸின் ‘மந்திரி குமாரி’ (1950) காலத்துப் பாடல்கள் 78 ஆர்.பி.எம். தட்டுகளில் வந்தவை. ‘அன்னக்கிளி’ (1976) காலத்தில் வினைல் தட்டுகள் வந்துவிட்டன. இவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றலாம். ஆனால் முதலில் தட்டைச் சுத்தம் செய்யுங்கள். அழுக்கோடு ஓட்டினால் ஊசி அந்தத் தூசியைப் பள்ளத்திலேயே தேய்த்துக் கீறிவிடும்.

துடைக்கும் முன் தட்டு எந்த வகை என்று பார்க்க வேண்டும். 78 தட்டில் அரக்கு கலந்திருக்கும். கனமாக இருக்கும், வளையாது, விழுந்தால் ஓடு போல உடையும். ஒரு பக்கம் சுமார் 3 நிமிடம்தான் பாடும். வினைல் தட்டு சற்று வளையும். எல்.பி. என்றால் ஒரு பக்கமே சுமார் 20 நிமிடம் ஓடும்.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம்? அரக்கு ஆல்கஹாலில் கரையும். மரச்சாமானுக்குப் பாலிஷ் போடுபவர் அரக்கை ஸ்பிரிட்டில் கரைப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆகவே ஸ்பிரிட், கொலோன், கொரோனா காலத்தில் வாங்கி வைத்த சானிடைசர் எதுவும் 78 தட்டின் மேல் படக்கூடாது. ஒரே துடைப்பில் பாட்டே போய்விடும். உங்களிடம் இருப்பது அந்தப் பாட்டின் கடைசித் தட்டாகக்கூட இருக்கலாம்!

இரண்டு வகைக்குமே பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் போதும். மென்மையான துணியை நனைத்துப் பிழிந்து, பள்ளம் போகும் வழியிலேயே வட்டமாகத் துடையுங்கள். நடுவில் உள்ள லேபிள் நனையக்கூடாது. பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரால் ஒருமுறை துடைத்து உடனே ஈரத்தை ஒற்றி எடுங்கள். நிழலில் உலர்த்துங்கள். நம்மூர் வெயிலில் வைத்தால் வினைல் நெளிந்துவிடும். பரணும் ஆகாது. சூடு ஏறாத சுவரோரம், புத்தகம் போல நிமிர்த்தி வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்று அடுக்காதீர்கள்.

இனி கம்ப்யூட்டர். பிளேயரில் ‘ஃபோனோ/லைன்’ சுவிட்ச் இருந்தால் லைனில் வைத்து, கம்ப்யூட்டரின் லைன்-இன் துளையில் செருகவும். சுவிட்ச் இல்லாவிட்டால் ஃபோனோ பிரீ-ஆம்ப் தேவைப்படலாம். லேப்டாப்பில் பெரும்பாலும் லைன்-இன் இருக்காது. மைக் துளையில் செருகினால் ஒலி உடையும். லைன்-இன் உள்ள யு.எஸ்.பி. ஆடியோ கருவி வாங்கிக்கொள்ளுங்கள். 78 தட்டின் பள்ளம் அகலமானது. அதற்குத் தனி ஊசி வேண்டும். எல்.பி. ஊசி போட்டால் இரைச்சல்தான் அதிகம் கேட்கும்.

பதிவு செய்ய இலவச மென்பொருளான ஆடாசிட்டி போதும். 44100 ஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ என்று வைத்து, மீட்டர் சிவப்பைத் தொடாமல் பதியுங்கள். நிமிடத்துக்குச் சுமார் 10 எம்.பி. ஆகும். எல்.பி.யின் ஒரு பக்கம் 200 எம்.பி.யைத் தாண்டும். முதலில் ‘வேவ்’ ஃபைலாகச் சேமித்துவிட்டு, ‘கிளிக் ரிமூவல்’ போன்றவற்றை அதன் நகலில் மட்டும் செய்து பாருங்கள். கரகரப்பு போக வேண்டும் என்று அதிகம் அழுத்தினால் மிருதங்கத்தின் அடியும் சேர்ந்து மழுங்கும்.

வேவ் ஃபைலை வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றிலும் காப்பி செய்து வையுங்கள். ஏற்றியாகிவிட்டதே என்று தட்டைப் பழைய பேப்பர் கடையில் போட்டுவிடாதீர்கள்.