ஏழும் ஐந்தும்: கணினி முறைவழியாக்கி இரண்டின் ஒப்பீடு

தமிழாசிரியனாகிய யான் கணினியின் உள்ளுறுப்பொன்றைப் பற்றி எழுதப் புகுந்தமை அன்பர் சிலர்க்கு வியப்பை அளித்தல் கூடும். அதற்குக் காரணம் உண்டு. கடல் கடந்து வாழும் நம் பழைய மாணவர் ஒருவர் அண்மையில் தொலைபேசியில் அழைத்து, "சேர், கல்லூரிக் கணினிக் கூடத்துக்குப் பாவித்த ஐ7 மேசைக்கணினிகள் இருபது கிடைக்கின்றன. கப்பற் கூலியோடு ஆகும் அதே பணத்தில் புதிய ஐ5 மடிக்கணினிகள் சில வாங்கலாம். ஐந்தைவிட ஏழு பெரிதுதானே? எதை அனுப்பட்டும்?" என வினவினார். உடனே விடையிறுக்க இயலாது நாணினேன். பின்னர் நெளுக்குளத்தில் என் அயலவராகிய கணினி ஆசிரியரிடம் மாணாக்கனாய் அமர்ந்து கற்றவற்றையே ஈண்டு எழுதுகின்றேன்.

பெயரின் பொருள்

கணினியில் கணித்தற் றொழிலைச் செய்யும் உறுப்பைக் கடைக்காரர் 'புறொசெசர்' என்பர். முறைவழியாக்கி என்பது நம் பாடநூல் வழக்கு. இன்டெல் நிறுவனம் 1971 ஆம் ஆண்டு வெளியிட்ட 4004 என்னும் நுண்முறைவழியாக்கியில் ஏறத்தாழ 2,300 திரான்சிற்றர்கள் இருந்தன. இன்று அவை கோடிக்கணக்கிற் பெருகிவிட்டன. ஆதலின் ஒரு முறைவழியாக்கியை அறிய விரும்புவோர் அது எக்காலத்தது என முதலில் வினவுதல் வேண்டும்.

மாணவர் குறித்த மேசைக்கணினியில் உள்ளது கோர் ஐ7-2600. 2011 ஆம் ஆண்டு சனவரியில் வெளிவந்தது. மடிக்கணினியில் உள்ளது கோர் ஐ5-1235யூ. 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளிவந்தது. ஐ3, ஐ5, ஐ7 என்பன ஒரே தலைமுறையினுள் வகுத்த படிநிலைகளே. 2600 என்பதன் முதலிலக்கமாகிய 2 இரண்டாந் தலைமுறையையும், 1235 என்பதன் முதலிரண்டு இலக்கமாகிய 12 பன்னிரண்டாந் தலைமுறையையும் குறிக்கும். இறுதியில் நிற்கும் 'யூ' குறைந்த மின்வலுவில் இயங்கும் மடிக்கணினிக்கு உரியதென்பதற்கு அடையாளம். பாட்டன் வகுப்பில் முதலாம் பிள்ளையாயிருந்தமையையும் பேரன் தன் வகுப்பில் மூன்றாம் பிள்ளையாயிருப்பதையும் கொண்டு இருவர் கல்வியையும் நிறுத்தல் தகுமோ?

வேகம் என்பது யாது?

பழையதன் அடிப்படைத் துடிப்பு வேகம் 3.4 கிகாஹேட்ஸ், உச்சம் 3.8. புதியதன் வலிய கருவகங்களின் அடிப்படை வேகம் 1.3, உச்சம் 4.4. அடிப்படை எண்ணை மட்டும் நோக்குவோர் பழையதே விரைவுடையதென மயங்குவர்.

அரிவு வெட்டும் இருவரை எண்ணிப் பார்க்க. ஒருவன் நிமிடத்துக்கு நாற்பது முறை அரிவாளை வீசுகின்றான். ஒவ்வொரு வீச்சிலும் சிறு பிடியே அறுபடுகின்றது. மற்றவன் முப்பது முறையே வீசினும் ஒவ்வொரு முறையும் பெரும்பிடி அறுக்கின்றான். மாலையில் எவன் கட்டு மிகுதி? துடிப்பென்பது வீச்சின் எண்ணிக்கை. ஒரு துடிப்பிலே முடியும் வேலை பிடியின் அளவு. புதியதன் பிடி பெரிது. அன்றியும் வேண்டியபோது வீச்சையும் விரைவாக்க வல்லது. ஆதலின் ஒற்றைக் கருவகத்தின் வேலையைப் பொதுவான சோதனைகளில் அளந்தால், புதியது பழையதினும் ஒன்றரை மடங்கிற்குக் குறையாது நிற்கின்றது.

பழையதில் ஒத்த வலிமையுள்ள நான்கு கருவகங்கள் உள. புதியதில் வலியன இரண்டும் சிக்கனமானவை எட்டுமாகப் பத்து உள. பாரமான வேலையை வலியனவும், பின்னணிச் சிறுவேலையைச் சிக்கனமானவையும் பகிர்ந்துகொள்ளும்.

இனிப் பதுக்கு நினைவகம். வீட்டிலுள்ள குடம், வளவிலுள்ள கிணறு, ஊரிலுள்ள குளம் என மூன்று நீர்நிலை கொள்க. பதுக்கு நினைவகம் குடம், பிரதான நினைவகம் கிணறு, வன்தட்டு குளம். தாகத்துக்குக் குளத்துக்கு நடப்பவன் தாமதித்தே அருந்துவான். பழையதன் குடம் 8 மெகாபைற்று. புதியதன் குடம் 12.

வெப்பமும் மின்சாரமும்

பழையதன் வெப்ப வடிவமைப்பு வலு 95 வாற்று. புதியதன் அடிப்படை 15 வாற்று. குறுகிய நேரத்துக்கு 55 வரை உயரும். வவுனியாவின் வெயிலில் இது சிறு வேறுபாடன்று. மேசைக்கணினி திரையுடன் 100 வாற்றும், மடிக்கணினி 25 வாற்றும் கொள்வதாக வைத்துக்கொள்வோம். இருபது கணினிகள் நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் இயங்கின், முன்னதற்கு 10 அலகும் பின்னதற்கு 2.5 அலகும் செலவாகும். கணினியைத் தருபவர் ஒரு முறை கொடுப்பர். மின்கட்டணத்தைக் கல்லூரி மாதந்தோறும் செலுத்தும்.

2022 ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு நிலவியதை யாரும் மறந்திரார். அந்நாளில் மேசைக்கணினி எத்துணை வலியதாயினும் வெறும் பெட்டியே. மின்கலம் உடைய மடிக்கணினியோ சில மணி நேரமேனும் பாடத்தை நடத்தியது.

பழையதன் சிறப்பு

இவ்வளவிற் பழையதை இகழ்தல் நீதியன்று. மேசைக்கணினியின் உறுப்பைத் தனித்தனியே கழற்றி மாற்றலாம். இத்தகைய மடிக்கணினியிலோ முறைவழியாக்கி தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அது பழுதுற்றால் பலகையையே மாற்றல் வேண்டும். மெல்லிய உடலில் வெப்பம் மிகின் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மின்கலமும் ஆண்டுகள் செல்லத் தளரும்.

பழைய கணினி தாமதிப்பதற்குப் பலவேளை காரணம் முறைவழியாக்கியன்று, சுழலும் வன்தட்டே. அதனை நீக்கி எஸ்.எஸ்.டி. என்னும் திண்மநிலைச் சேமிப்பகம் பொருத்தினால், தமிழ்த் தட்டெழுத்துக்கும் தொடக்கநிலை நிரலாக்கத்துக்கும் அது இன்னும் நன்றாய் உதவும். ஆயின் ஒரு தடை. விண்டோஸ் 10 இன் வழமையான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்கும் முறைவழியாக்கிப் பட்டியலில் ஐ7-2600 இல்லை. இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவுதலே அதற்கு வழி.

முடிபு

ஆகவே மாணவர்க்கு யான் கூறிய விடை இது: "தம்பி, கல்லூரியில் ஏற்கெனவே உள்ள பழைய கணினிகளை எறிய வேண்டா; அவற்றுக்கு எஸ்.எஸ்.டி. வாங்கித் தாரும். 2011 இன் கணினிகளைக் கப்பற் கூலி கொடுத்து அனுப்ப வேண்டா. தொகை குறைந்தாலும் புதியனவே வாங்கும். அவற்றின் பழுது பார்க்கவும் ஒரு பங்கை ஒதுக்கும்."

அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். "இருபது பிள்ளைகள் இருபது கணினியில் இருப்பதைக் காண விரும்பினேன், சேர்" என்றார். அவ்விருப்பத்தின் அருமையை யான் அறிவேன். இருபது கணினியைப் படம் பிடித்தல் எளிது. மூன்றாண்டு கழித்து அவற்றுள் எத்தனை இயங்குகின்றன என்பதே பிள்ளைகளின் கணக்கு. இருவர்க்கு ஒன்றாயினும் நாள்தோறும் இயங்குவதே அவர்க்குக் கல்வி.

கொடுக்கும் மனம் நம் பழைய மாணவர்க்கு என்றும் உண்டு. இனிக் கொடுக்க எண்ணுவோர் பெட்டியின் மேலுள்ள ஏழையும் ஐந்தையும் மட்டும் நோக்காது, தலைமுறை யாது, மின்வலு எவ்வளவு, எவ்வியங்குதளம் ஏற்கும், பழுதுற்றால் யார் பார்ப்பர் என்னும் நான்கு வினாக்களையும் வினவிக் கொடுப்பாராக.