கச்சானில் படரும் பங்கசு

எங்கள் மாங்கேணி போன்ற மணற்பாங்கான கரையோர ஊர்களில் கச்சானை அறியாத வீடு இல்லை. மாரி காலத்தில் ஈரம் பட்ட கச்சானில் பச்சை நிறத்தில் ஏதோ படர்வதை நாம் கண்டிருப்போம். அது பாசியுமன்று, செடியுமன்று, பங்கசு.

முன்னர் அறிஞர்களும் பங்கசுகளைத் தாவரங்களோடுதான் சேர்த்திருந்தனர். 1969இல் விட்டேக்கர் தமது ஐந்து இராச்சியப் பாகுபாட்டில் அவற்றுக்குத் தனி இராச்சியம் கொடுத்தார். காரணங்கள் தெளிவானவை. தாவரம் பச்சையத்தைக் கொண்டு சூரிய ஒளியில் தன் உணவைத் தானே தயாரிக்கிறது. பங்கசுக்குப் பச்சையம் இல்லை. அது நொதியங்களை வெளியே சுரந்து, உணவை வெளியிலேயே சமிக்கச் செய்து, பின்னர் உறிஞ்சுகிறது. தாவரக் கலச்சுவரில் முக்கியமாக இருப்பது செலுலோசு. பங்கசின் சுவரில் இருப்பது கைற்றின். நம் வாவி இறாலின் ஓட்டில் உள்ளதும் இதே கைற்றின்தான். தாவரம் மாப்பொருளைச் சேமிக்கிறது. பங்கசு, நமது ஈரலைப் போலக் கிளைக்கோஜனைச் சேமிக்கிறது.

நாம் காணும் பச்சைத் தூள் வித்திகளே. உணவை உறிஞ்சும் நுண்ணிழைகள் பருப்புக்குள் ஊடுருவியிருக்கும். ஆகவே மேலே துடைத்துவிட்டால் போதாது. கச்சானில் வளரும் அஸ்பர்ஜிலஸ் பிளேவஸ் என்னும் பங்கசு அஃப்லாடொக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். 1960இல் இங்கிலாந்தில் இந்நஞ்சு கலந்த கடலைப் பிண்ணாக்கைத் தின்ற ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் இறந்தன. மனிதரில் இது ஈரல் புற்றுநோயை ஏற்படுத்தக்கூடியது. வறுத்தாலும் அவித்தாலும் முற்றாக அழியாது.

பங்கசுகள் எல்லாம் பகையல்ல. பாணைப் பொங்கச் செய்யும் மதுவமும் பெனிசிலினைத் தந்த பூஞ்சணமும் பங்கசுகளே. ஆயினும் உம்மாமாரிடம் நான் கேட்பது இதுதான்: கச்சானை நன்றாக வெயிலில் காயவைத்து, ஈரம் படாமல் வையுங்கள். பூஞ்சணம் பிடித்ததையும் நிறம் மாறிச் சுருங்கியதையும் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள், கோழிக்கும் போடாதீர்கள்.