காற்றைத் திருப்பும் சுக்கான்

நுழையும்முன்

தோணிக்குச் சுக்கான் உண்டு, பரிசலுக்கு இல்லை. வட்டமான பரிசலில் ஒரு பக்கமாகவே துடுப்பிட்டால் அது நீரின் நடுவே சுற்றத் தொடங்கும். பரிசலோட்டி துடுப்பை இடமும் வலமும் மாற்றியே அதனை வழிநடத்துகிறார். காவிரிப் படுகையின் நெல்வயல்களுக்கு மேல் பறந்து மருந்து தெளிக்கும் ட்ரோனும் இவ்வகையில் பரிசலுக்கு உறவு. அதற்குச் சுக்கான் பொருத்தினால் என்ன நிகழும்?

வயலில் நேர்வது

ஆடி மாதத்துக் குறுவைப் பயிரின் மீது காற்று ஓயாது வீசும். அக்காற்றில் ட்ரோனின் முகம் திரும்பினாலும் அது தன் பாதையிலேயே செல்லக்கூடும். எத்திசை நோக்கி நின்றும் எத்திசையிலும் பறக்க வல்லது அது. எனினும் தெளிப்பு முனைகளின் வரிசை அதனுடன் சேர்ந்து திரும்பிவிடுகிறது. 4 மீட்டர் அகலத்திற்குத் தெளிக்கும் கருவி 30 பாகை திரும்பினால், தெளிப்பின் அகலம் ஏறத்தாழ 3.5 மீட்டராகக் குறையும். விடுபட்ட அரை மீட்டர்ப் பட்டையில் புகையான் பூச்சி தங்கிவிட்டால், அங்கிருந்தே அது மீண்டும் பரவும். விளைச்சலை நம்பிக் கடன் வாங்கிய உழவருக்கு அந்த அரை மீட்டர் சிறிதன்று.

விசிறிகளின் எதிர்வினை

நான்கு விசிறி கொண்ட ட்ரோனில் இரண்டு வலஞ்சுழியாகவும் இரண்டு இடஞ்சுழியாகவும் சுழலும். விசிறி காற்றை ஒருபுறம் சுழற்ற, நியூட்டனின் மூன்றாம் விதிப்படி சட்டகம் மறுபுறம் திரும்ப முயலும். நான்கும் ஒத்த வேகத்தில் சுழன்றால் இத்திருப்புவிசைகள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். வலஞ்சுழி விசிறிகளின் வேகத்தைக் கூட்டி, மற்றவற்றின் வேகத்தைக் குறைத்தால் சட்டகம் இடப்புறம் திரும்பும். நகரும் உறுப்பு ஏதும் கூடுதலாகத் தேவைப்படாத அழகிய ஏற்பாடு இது. ஆனால் இவ்விசை மெலிந்தது; பெரிய விசிறிகளின் வேகம் மாறுவதற்கும் சற்று நேரம் பிடிக்கும்.

சுக்கானின் வலிமை

ஓடும் நீரில்தான் தோணியின் சுக்கான் பயன்படும். ட்ரோன் அந்தரத்தில் அசையாது நிற்கும்போதும் விசிறிகளின் கீழே காற்று விரைந்து இறங்குகிறது. அவ்வோட்டத்தில் மெல்லிய பலகையொன்றைத் தொங்கவிட்டுச் சர்வோ மோட்டாரால் சாய்த்தால், காற்று ஒருபுறம் ஒதுங்கும். பலகை மறுபுறம் தள்ளப்படும். ஒரு பலகையில் 0.2 நியூட்டன் விசை எழுவதாகவும், அது மையத்திலிருந்து 0.25 மீட்டர் தொலைவில் உள்ளதாகவும் கொள்வோம். திருப்புவிசை 0.05 நியூட்டன் மீட்டர். நான்கு கைகளிலும் பொருத்தினால் 0.2. ஒரே கையில் மட்டும் பொருத்தினாலோ, ட்ரோன் திரும்புவதோடு பக்கவாட்டிலும் நகர்ந்துவிடும்.

இவ்வெண்ணம் புதியதன்று. பிரான்சின் எத்தியேன் ஓமிஷன் 1924இல் நான்கு சுழலிகள் கொண்ட வானூர்தியை ஒரு கிலோமீட்டர் சுற்றுப்பாதையில் ஓட்டிக் காட்டினார். அதனைத் திருப்புவதற்கென்றே முகப்பில் தனி விசிறி வைத்திருந்தார்!

வீட்டில் ஒரு சோதனை

சோதனைக்குப் பறக்கவிட வேண்டியதில்லை. எளிதில் சுழலும் உயரமான தாங்கியில் ட்ரோனை இறுகப் பிணைத்து, விசிறிகளுக்குக் காப்பு வளையம் இட்டு, ஆசிரியர் உடனிருக்க இயக்குக. மோட்டார் வேகத்தை மாற்றாமல் பலகையை 5, 10, 15 பாகை எனச் சாய்த்து, கால் சுற்றுக்கு ஆகும் நேரத்தைக் குறித்துவருக. தொடக்கத்தில் நேரம் குறையும். குறிப்பிட்ட கோணத்தைக் கடந்ததும் காற்று பலகையைத் தழுவாமல் பிரியத் தொடங்கும். அதன்பின் சாய்ப்பதால் பயன் அருகி, ட்ரோனைத் தூக்கும் விசையே வீணாகும். அக்கோணம் பலகையின் வடிவத்திற்கேற்ப மாறுவதால் அளந்துதான் அறிய வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள் 250 கிராம் வரையுள்ளவற்றை நானோ எனவும், 2 கிலோ வரையுள்ளவற்றை மைக்ரோ எனவும் வகுக்கின்றன. தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருப்பதால், சுற்றுப்பகுதியில் எதையும் பறக்கவிடுமுன் அவ்விடம் எந்த நிற மண்டலத்தில் அமைகிறது என்று பார்த்தல் வேண்டும்.

எடை குறையும் வேளை

மோட்டார்களையே சில பாகை சாய்த்துப் பொருத்துவது மற்றொரு வழி. சேறும் மருந்துக் கசிவும் படியும் வயல்வெளியில், அசையும் இணைப்பு இல்லாத இம்முறைக்கே ஆயுள் அதிகம். சுக்கானுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பத்து லிட்டர்த் தொட்டி காலியாகும்போது ட்ரோன் எடை குறைந்து, விசிறிகள் மெதுவாகச் சுழலும். கீழிறங்கும் காற்றின் வேகம் பாதியானால் சுக்கானின் விசை நான்கில் ஒரு பங்காகிவிடும். வெளியே வீசும் காற்றோ குறைவதில்லை. அந்நிலையில் சுக்கானைக் கூடுதலாகச் சாய்க்குமாறு கட்டுப்பாட்டு நிரலை எழுத வேண்டும்.